ஆஸ்டியோபதி படிச்சா டாக்டர் ஆகலாமா? பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

வெளிநாட்டு மருத்துவப் படிப்புகளைத் தேடும்போது ‘ஆஸ்டியோபதி’ என்ற பெயர் கண்ணில் படும். எலும்பு டாக்டர் படிப்பு போல என்று நினைத்துவிடாதீங்க. அது ஆர்த்தோபீடிக்ஸ். இது வேற.

ஆஸ்டியோபதி என்றால் என்ன?

தசை, மூட்டு, முதுகெலும்பைக் கையால் அழுத்தி, நீட்டி, அசைத்து வலியைக் குறைக்கும் சிகிச்சை முறை. இதைத் தொடங்கியவர் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864-ல் தன் பிள்ளைகளை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர், அன்றைய மருந்துகள் மீது நம்பிக்கை இழந்து 1874-ல் இந்த முறையை அறிவித்தார். 1892-ல் மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில்லில் முதல் கல்லூரியைத் தொடங்கினார்.

அமெரிக்காவில் படிச்சா?

அங்கே ‘டி.ஓ’ பட்டம் பெற்றவர் முழு டாக்டர். மருந்து எழுதலாம், ஆபரேஷனும் செய்யலாம். ஆனா பிளஸ் டூ முடிச்சதும் நேராகச் சேர முடியாது. பொதுவாக ஒரு பட்டப்படிப்பு, எம்கேட் தேர்வு, 4 ஆண்டு மருத்துவக் கல்லூரி, பிறகு ரெசிடென்சி பயிற்சி என்று நீண்ட பாதை அது.

பிரிட்டனில் படிச்சா?

இங்கேதான் குழப்பமே. பிரிட்டனில் ஆஸ்டியோபதி ஒரு துணை மருத்துவ முறை. பள்ளிப் படிப்பு முடித்தவர்களும் சேரலாம். முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் 4 ஆண்டு. நோயாளிகளை நேரில் பார்க்கும் பயிற்சி மட்டும் சுமார் 1,000 மணி நேரம். 1993-ல் வந்த சட்டப்படி, பொது ஆஸ்டியோபதி கவுன்சிலில் பதிவு செய்யாமல் ‘ஆஸ்டியோபத்’ என்று போர்டு வைத்தால் குற்றம்.

ஆனா இவர்கள் எம்பிபிஎஸ் டாக்டருக்குச் சமம் இல்லை. மருந்துச் சீட்டு எழுத முடியாது. அரசு மருத்துவச் சேவையில் வாய்ப்பு குறைவு. பெரும்பாலானோர் தனியார் கிளினிக்தான் நடத்துகிறார்கள்.

பலன் இருக்கா?

இடுப்பு வலிக்குக் கையால் செய்யும் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம், ஆனால் உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் என்கிறது பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பின் வழிகாட்டுதல். மூட்டு, தசை சாராத நோய்களுக்குப் பலன் தரும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை.

இந்தியா திரும்பினால்?

ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, ஹோமியோபதி எல்லாம் ஆயுஷ் பட்டியலில் உண்டு. ஆஸ்டியோபதி இல்லை. பிரிட்டன் பட்டத்தை வைத்து இங்கே எம்பிபிஎஸ் டாக்டராகப் பதிவு செய்யவும் முடியாது.

சேரும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. இந்தப் படிப்புக்கு அந்த நாட்டு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கா?
2. முடித்ததும் எந்தப் பதிவேட்டில் என் பெயர் வரும்?
3. ஊர் திரும்பினால் எந்தத் தகுதியில் வேலை பார்க்கலாம்?

‘டாக்டர் கோர்ஸ்’ என்று ஏஜென்ட் சொன்னால், இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்க. கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.