பனிக்காலத்தில் பழைய வண்டி

அம்பாலாவில் ரயில்வேப் பணியிலிருக்கும் நாம், சென்ற மார்கழியில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினோம். நண்பகல் வெயிலில் அது ஒரே உதையில் கிளம்பிற்று. மகிழ்ந்து பணத்தைக் கொடுத்தோம். மறுநாள் வைகறையில், எதிரே வருபவர் முகம் தெரியாத பனிமூட்டத்தில், இருபது முறை உதைத்தும் அது அசையவில்லை. அன்று பணிக்கு நடந்தே சென்றோம்.

மெக்கானிக் பெரியவர் குறைகளைக் கண்டார். சோக் கம்பி அறுந்திருந்தது. ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்திருந்தது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் மிகுந்த கலவை வேண்டும். அதனை அளிப்பது சோக். சூடான எஞ்சினில் அக்குறை வெளிப்படுவதில்லை. இவற்றினும் அஞ்சத்தக்கது, தேய்ந்துபோன பின்சக்கரப் பிரேக் ஷூ. நம் மகனைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லவிருந்த வண்டியன்றோ அது! மூன்றையும் மாற்றிய பின்னரே அவனை ஏற்றினோம்.

ஆதலின் அன்பர்களே, பழைய வண்டியை விடியற்காலையில் சென்று பாருங்கள். எஞ்சினைத் தொட்டு, அது குளிர்ந்திருப்பதை அறிந்த பின்னரே கிளப்பச் சொல்லுங்கள். பதிவுச் சான்றிலுள்ள எஞ்சின், சேசிஸ் எண்களை ஒப்பிடுங்கள். 15 ஆண்டு கடந்ததாயின் பதிவு புதுப்பிக்கப்பட்டுள்ளதா என வினவுங்கள். வாங்கிய 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பியுங்கள். ஒரு காலைத் தூக்கத்தை இழப்பது, பனிக்காலம் முழுவதும் அல்லலுறுவதினும் நன்று.