சினிமா இல்லாத பாட்டை எப்படித் தேடிப் பிடிப்பது? மரக்காணம் சொல்லும் பழைய வழி!

தமிழில் பாட்டு என்றாலே சினிமா பாட்டுதான். டீக்கடை, பஸ், கல்யாண வீடு, எங்கே போனாலும் காதில் விழுவது அதுதான். ஆனால் படம் இல்லாமல், ஹீரோ இல்லாமல், தானே எழுதி, தானே பாடி யூடியூபில் போடுகிற ஒரு பெரிய கூட்டம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் இருக்கிறது. இவர்களைத்தான் சுயாதீன இசைக்கலைஞர்கள் என்கிறோம். பேச்சு வழக்கில் 'இண்டி'.

இவர்களை எங்கே தேடுவது? நிகழ்ச்சி நடப்பது நமக்கு எப்படித் தெரியும்? பிடித்த பாட்டை நண்பருக்கு அனுப்பினால், பாடியவருக்கு ஏதாவது கிடைக்குமா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடலாம். கிடைக்கும், கிடைக்காமலும் போகும். நீங்க எப்படி அனுப்புறீங்க என்பதுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள, உப்பளங்களுக்குப் பேர் போன மரக்காணத்தில் இருந்து தொடங்கலாம்.

மரக்காணத்துக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இ.சி.ஆர் வழியாகப் புதுச்சேரி போகிறவர்களுக்கு மரக்காணம் தெரிந்த ஊர்தான். சாலையோரம் பாத்தி பாத்தியாக உப்பளம், வெயிலில் மின்னும் உப்புக் குவியல். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்று ஒரு கடற்கரை ஊர் வரும். அது இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 269 அடி கொண்ட அந்தப் பாட்டை எழுதியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் அதே பெயரில், மரக்காணத்துக்கு வடக்கே செங்கல்பட்டு மாவட்டத்தில் பேரூராட்சியாக இருக்கிறது.

ஆற்றுப்படை என்றால் என்ன? ஆறு என்றால் வழி. பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிற ஒரு பாணர், எதிரே பசியோடு வருகிற இன்னொரு பாணருக்கு 'இந்த வழியா போ, இவரைப் பார்' என்று வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. சிறுபாணர் என்பவர்கள் சீறியாழ் என்ற சின்ன யாழை வாசித்துப் பாடியவர்கள். ஒரு இசைக்கலைஞர் இன்னொரு இசைக்கலைஞருக்குச் செய்யும் பரிந்துரை என்று சொல்லலாம்.

இதில் வழி சொல்லும் பாணர் தன் பழைய நிலைமையை மறைக்கவில்லை. வீட்டில் அரிசி இல்லை. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து வேகவைக்கிறார்கள், அதில் போட உப்பு இல்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு குடும்பமே அதைப் பகிர்ந்து சாப்பிடுகிறது. அப்படிப்பட்டவர்தான் எதிரே வருகிறவருக்கு உப்புக் கடற்கரை வழியாகப் பாதை காட்டுகிறார்.

பாதையையும் பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. எயிற்பட்டினம் போனால் மீனவப் பெண்கள் வடித்த கள்ளும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். அடுத்து வேலூர் (இன்றைய வேலூர் மாநகரம் இல்லை, இது வேறு), அதற்கடுத்து ஆமூர். ஒவ்வொரு ஊரிலும் என்ன சாப்பாடு என்று தனித்தனியாகச் சொல்கிறார். கடைசியில் ஓய்மாநாட்டுத் தலைவன் நல்லியக்கோடன். இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில்தான் அவன் ஊர். உடை கொடுப்பான், பக்கத்தில் நின்று சாப்பிட வைப்பான், தேர் கொடுத்து அனுப்புவான்.

யார், எங்கே, எப்படிப் போவது, கலைஞருக்கு என்ன கிடைக்கும் என்ற நாலு தகவலும் இதில் இருக்கிறது. இப்போது நம்ம வாட்ஸ்அப்பில் வரும் பாட்டு ஃபார்வர்டுகளைப் பாருங்க. நாலில் ஒன்றாவது இருக்கிறதா?

ஃபார்வர்டு பண்ணினால் பாடகருக்கு என்ன கிடைக்கும்?

பாட்டை டவுன்லோடு பண்ணி வீடியோவாகவோ ஆடியோவாகவோ அனுப்பினால், பாடியவருக்கு ஒன்றும் கிடைக்காது. அந்தக் கோப்பு ஆயிரம் போனில் ஓடினாலும் அவர் கணக்கில் ஒரு தடவைகூட ஏறாது. அதே பாட்டின் லிங்க்கை அனுப்பி, அவர்கள் அதைத் திறந்து கேட்டால் கணக்கில் ஏறும்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், இரண்டு பெரிய தளங்களிலும் ஒரு வாசல்படி இருக்கிறது.

ஸ்பாட்டிஃபை: 2024 முதல், ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு ராயல்டி கணக்கிடப்படும். 999 என்றால் பூஜ்ஜியம்.

யூடியூப்: விளம்பர வருமானம் வேண்டும் என்றால் சேனலுக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே 12 மாதத்தில் 4,000 மணி நேரம் வீடியோக்கள் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் 1 கோடி பார்வை தொட வேண்டும்.

4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். நாலு நிமிடப் பாட்டு ஒன்று 60,000 தடவை முழுசாக ஓட வேண்டும். சினிமா பாட்டுக்கு இது ஒரு மணி நேர வேலை. சின்ன ஊரில் இருந்து முதல் பாட்டைப் போட்டவருக்கு வருடக்கணக்கில் ஆகலாம்.

அதனால்தான் சின்னக் கலைஞர்களுக்கு உங்க ஒரு லிங்க் பெரிய விஷயம். உங்களுக்கு மூன்று வாட்ஸ்அப் குரூப், குரூப்புக்கு 200 பேர் என்று வைப்போம். பாதிப் பேர் ஸ்பாட்டிஃபை லிங்க்கைத் திறந்து கேட்டாலே 300. அதாவது 1,000 என்ற வாசல்படியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ரீல்ஸ் போடுகிறவர்களும் ஸ்பீக்கரில் ஓடுவதைப் பதிவு செய்யாமல், இன்ஸ்டாகிராமில் இருக்கும் அந்தப் பாட்டின் ஒரிஜினல் ஆடியோவைத் தேர்ந்தெடுத்தால் பாடியவர் பெயர் கூடவே போகும்.

பெயர் போட்டு அனுப்புவது அவ்வளவு அவசியமா?

அவசியம்தான். 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' நல்ல உதாரணம். தீ, அறிவு இருவரும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த சுயாதீனப் பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையில் இருந்து பிறந்த பாட்டு என்று அறிவு சொல்லியிருக்கிறார். எந்தப் படத்திலும் வராமலேயே உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் அதே வருடம் ஆகஸ்டில் ஒரு இசை இதழின் அட்டையில் அறிவின் படம் இல்லாதது பெரிய விவாதமானது. 2022-ல் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு மேடையேறியபோது விவாதம் மறுபடியும் கிளம்பியது. 2024 மார்ச்சில், இந்தப் பாட்டில் இருந்து தங்களுக்கு வருமானமே வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோ வெளியிட்டார். கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டிலேயே யார் பெயர், யாருக்குப் பணம் என்ற கேள்வி இவ்வளவு சிக்கலாகிறது. பெயர் தெரியாதவர்களின் பாட்டு 'சூப்பர் சாங், கேளுங்க' என்று மட்டும் சுற்றினால் என்ன ஆகும்?

புதுப் பாட்டை எங்கே தேடுவது?

ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போவதுதான் சுலபமான வழி. யூடியூபில் பாட்டுக்குக் கீழே 'மோர்' என்பதைத் தொட்டால் எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர்கள் பெயர்கள் இருக்கும். அதில் ஒரு பெயரை எடுத்துத் தேடுங்க.

எப்படி என்று பார்க்கலாம். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்தியது. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் அமைப்பின் துணையோடு உருவான குழு இது. கானா, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில். இசைக்குத் தலைமை தாங்கியவர் டென்மா. அவர் பெயரைத் தேடினால் 'குரங்கன்' என்ற இசைக்குழுவுக்குப் போவீங்க. அங்கே கபேர் வாசுகி என்ற பெயர் கிடைக்கும். அவர் எழுதி, 2017 ஜனவரியில் டி.எம்.கிருஷ்ணா பாடியது 'சென்னை புறம்போக்குப் பாடல்'. எண்ணூர் கழிமுகம் அழிவதைப் பற்றிய பாட்டு. புறம்போக்கு என்றால் எல்லோருக்கும் பொதுவான இடம் என்ற பழைய அர்த்தத்தை ஞாபகப்படுத்தியது. கழுவெளி நீர்நிலையும் உப்பளமும் இருக்கும் மரக்காணம் பக்கத்துக்காரர்களுக்கு இது வெளியூர்க் கதையாகத் தோன்றாது.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் இருந்த அறிவைப் பிடித்துப் போனால் 2019-ல் ஆஃப்ரோவோடு சேர்ந்து செய்த 'தெருக்குரல்' ஆல்பம். தமிழ் ராப்பின் பழைய தடத்தைத் தேடினால் மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழு, 2006-ல் வந்த 'வல்லவன்' ஆல்பம். ஒரே சாயங்காலத்தில் இவ்வளவு தூரம் போய்விடலாம்.

நேரில் கேட்கணும்னா எங்கே போவது?

மரக்காணத்தில் இருந்து சுமார் 35 கி.மீ. தூரத்தில் புதுச்சேரி. வழியிலேயே ஆரோவில். உலக இசை தினமான ஜூன் 21-ம் தேதியை மறக்காதீங்க. 1982-ல் பிரான்ஸில் தொடங்கிய இந்தத் தெரு இசைத் திருவிழாவைப் புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸ் கொண்டாடுகிறது. பெயர் தெரியாத குழுக்களைக் கேட்க நல்ல நாள்.

அடுத்தது மழைக்காலம். வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு கொடுக்கும் நிவாரணம் 5,000 ரூபாய். சென்னையில் மேடைகள் களைகட்டுவதோ அந்த மழை முடிகிற நேரத்தில்தான். கையில் காசு இல்லாத காலத்தில் டிக்கெட் இல்லாத நிகழ்ச்சிதான் நிஜமாகவே எல்லோருக்குமான நிகழ்ச்சி. 2007-ல் தொடங்கி, இடையில் நின்று, 2023-ல் மறுபடியும் வந்த 'சென்னை சங்கமம்' பொங்கலை ஒட்டி இலவசமாக நடக்கிறது. நீலம் அமைப்பு 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' மேடையில் கானா, ஒப்பாரி, பறை, ராப் எல்லாம் ஒலிக்கும். டிக்கெட் உள்ள நிகழ்ச்சிகளுக்கு புக் மை ஷோ, டிஸ்ட்ரிக்ட் போன்ற ஆப்களில் ஊர் பெயரை மாற்றி மாற்றித் தேடிப் பாருங்க. திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுப்பது நல்லது.

நம்ம பக்கத்துக் கூத்தையும் விட்டுவிடக் கூடாது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்து எந்த ஆப்பிலும் வராது. நோட்டீஸிலும் சுவரிலும்தான் வரும். அந்த நோட்டீஸை ஒரு போட்டோ எடுத்து, தேதியோடு ஸ்டேட்டஸ் வைத்தால் அதுவே பெரிய உதவி.

நம்ம ஊரிலேயே நடத்த முடியுமா?

முடியும். சென்னை பெசன்ட் நகர் பக்கத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. 2015-ல் அங்கே கடற்கரையை ஒட்டி ஒரு விழா தொடங்கினார்கள். கர்நாடக இசை, பரதம், பறையாட்டம் எல்லாம் ஒரே இடத்தில், அனுமதி இலவசம். சபாவுக்குள் கேட்ட பாட்டைக் குப்பத்தில் கேட்டார்கள். குப்பத்துக்கு வராதவர்கள் முதல் தடவையாக வந்தார்கள். ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து செய்த வேலை இது.

தேவையான விஷயங்கள் மூன்று. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி, இரவு 10 மணிக்குள் முடித்தல், மூன்றாவதாகக் கலைஞருக்குச் சம்பளம். 'உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்' என்று சொல்லி மேடையேற்றாதீங்க. பஸ் சார்ஜ், சாப்பாடு, கையில் ஒரு தொகை, இதை முன்கூட்டியே பேசிவிடுங்க. நல்லியக்கோடன் கதையிலும் அதுதானே நடக்கிறது!

நீங்களே பாட்டு எழுதுறவரா?

டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற சேவைகள் மூலம் வீட்டில் இருந்தே பாட்டைத் தளங்களில் ஏற்றலாம். எழுதியவரும் இசையமைத்தவரும் ஐ.பி.ஆர்.எஸ் அமைப்பில் உறுப்பினராகச் சேரலாம். 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியர், இசையமைப்பாளர் இருவரின் ராயல்டி உரிமையையும் உறுதி செய்திருக்கிறது. யார் எதைச் செய்தார்கள், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பாட்டு வெளியாகும் முன்பே எழுதி வைத்துவிடுங்க. பாட்டு ஹிட் ஆன பிறகு பேசுவது கஷ்டம்.

அடுத்த ஃபார்வர்டு எப்படி இருக்கணும்?

பாட்டுக் கோப்பு வேண்டாம், லிங்க் அனுப்புங்க. கூடவே நாலு தகவல்:

1. பாட்டின் பெயர், பாடியவர், எழுதியவர்.
2. எந்த ஊர்க்காரர், உங்களுக்கு இது ஏன் பிடித்தது, ஒரே வரியில்.
3. அடுத்த நிகழ்ச்சி எங்கே, எப்போது, எப்படிப் போவது.
4. அவருக்கு உதவ என்ன வழி: சேனலைச் சப்ஸ்கிரைப் செய்வதா, டிக்கெட் வாங்குவதா, ஆல்பம் வாங்குவதா.

டைப் அடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நம்ம காலத்திலும் எங்கேயோ ஒரு வீட்டில், நல்லாப் பாடுகிற ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு உப்பில்லாத கீரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அவர் பெயரும் அவர் பாட்டின் லிங்க்கும் உங்க போனில் ஏற்கெனவே இருக்கலாம்.