சொல்லின்றிச் சொல்லும் கலை

கலைப் படைப்பொன்றைக் கண்டதும் “இதன் பொருள் யாது?” என்று வினவுவது கற்றோரிடையே வழக்கமாகிவிட்டது. பாட்டாயின் சொல்லிலே பொருள் உண்டு. உருவ ஓவியமாயின் இன்னார், இன்னது என்று காட்டிவிடலாம். ஆனால், சொல்லற்ற வாத்திய இசைக்கும் உருவமற்ற அரூப ஓவியத்துக்கும் பொருள் எங்கே? இக்காலத்து இளைஞர் சிலர் அவ்விரண்டையும் கணினியிலே ஆக்கத் தலைப்பட்டதும், இன்னொரு வினாவும் உடன் எழுந்தது: “இயந்திரம் செய்ததை இவன் செய்தான் என்பது எங்ஙனம்?” கண்டியில் நெடுநாள் ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடப் புறப்படுவோர் இந்நகரிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து.

தலதா மாளிகையில் நாள்தோறும் மூன்று வேளைப் பூசையிலும் ஹேவிசி முழங்குகிறது. தவுலும் தம்மெட்டமும் ஒலிக்க, ஹொரணை என்னும் குழல் அவற்றின்மேல் எழுந்து செல்கிறது. அங்கே பாடுவார் இல்லை. மலரும் விளக்கும் காணிக்கையாவதுபோல ஒலியும் ஒரு காணிக்கை. அதனைச் ‘சப்த பூஜா’ என்பர் சிங்களர். கெட்டபெரய எனப்படும் கண்டி மேளத்தைப் பயிலும் சிறுவன் முதலிற் கற்பவை நான்கு ஒலிகள்: தத், ஜித், தொங், நங். மிருதங்கம் பயிலும் நம் சிறுவனுக்கோ முதற் பாடம் த, தி, தொம், நம். மொழி வேறு, வழிபாடு வேறு. எனினும் தோற்கருவியின்முன் அமர்ந்த இரு பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே எழுத்துகளையன்றோ உச்சரிக்கின்றனர்! அவ்வெழுத்துகளுக்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது. ஆயினும், அவை பொருளற்றவை என்று எவரும் கூறார்.

“அது மரபு, அதிலே தனி மனிதன் எங்கே?” எனச் சிலர் கேட்கக்கூடும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அவர்களின் தோடி ஆலாபனையை இசைத்தட்டிலேனும் கேட்டோர் இதற்கு விடை அறிவர். தோடி எல்லார்க்கும் பொதுவான இராகம். அதன் சுரங்களை அவர் ஆக்கவில்லை. ஆனால், எந்தச் சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, எவ்விடத்தில் பாய்வது, எங்கே மூச்சை அடக்குவது என்பன அவருடைய முடிவுகள். பொது இலக்கணத்துக்குள் ஒருவன் செய்யும் இத்தகைய தெரிவுகளே அவனுடைய கையொப்பம். சொல் இல்லாமலே அவரை நாம் இனங்கண்டுகொள்கிறோம்.

இனி ஓவியத்துக்கு வருவோம். 1911 சனவரியில் மியூனிக் நகரில் ஷொன்பேர்க்கின் இசையைக் கேட்ட கண்டின்ஸ்கி, அவ்வனுபவத்தை ஓர் ஓவியமாக்கினார். பரந்து கிடக்கும் மஞ்சள் நிறமும், அதனை எதிர்த்து நிற்கும் ஒரு கரிய திரளுமே அதில் முதன்மை. இசை எதனையும் படம்பிடித்துக் காட்டாமலே உள்ளத்தைத் தொடுவதாயின், நிறமும் கோடும் ஏன் அவ்வாறு செய்யலாகாது என்பதே அவர் வழிவந்தோரின் வாதம். நம் கண்டியிலே பிறந்த ஜோர்ஜ் கீற் (1901–1993) அத்துணைத் தூரம் செல்லவில்லை. மனித உருவத்தை அவர் கைவிட்டவரல்லர். எனினும், 1943இல் தோன்றிய ‘43 குழு’வின் முன்னோடிகளுள் ஒருவரான அவருடைய ஓவியங்களில், முகத்தைக் காட்டிலும் வளைகோட்டின் ஓட்டமே முதலில் நம்மைப் பற்றிக்கொள்கிறது.

கணினியைப் பற்றிய ஐயத்துக்கும் வரலாறு விடை கூறுகிறது. 1957இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மக்ஸ் மத்தியூஸ் என்பார் எழுதிய நிரலால் கணினி 17 விநாடி இசைத்தது. 1965இல் ஸ்டுட்கார்ட்டிலும் நியூயோர்க்கிலும் கணினி ஓவியக் காட்சிகள் நடைபெற்றன. இயந்திரம் அறிந்தது எண் ஒன்றையே. இறுவட்டு ஒன்றில் ஒரு விநாடி ஓசை 44,100 முறை அளந்து எண்களாக்கப்படுகிறது. திரையின் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் மூன்று எண்களின் சேர்க்கை. ஹங்கேரியிற் பிறந்து பாரிசில் வாழ்ந்த வேரா மொல்னார் என்னும் அம்மையார், 1968 முதல் கணினியைக் கொண்டு சதுரங்களை வரைந்தார். ஒழுங்காக நின்ற சதுரங்களிடையே சிறிதளவு ஒழுங்கின்மையைப் புகுத்தினார். கட்டளையை நிறைவேற்றியது இயந்திரம். எவ்வளவு குலைப்பது என்று தீர்மானித்தது அவர் கண். வீணை தானாக வாசிக்காதது போலவே கணினியும் தானாக எதனையும் உணர்வதில்லை.

என்னிடம் கற்ற ஒருவர் கண்டிக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டனார் தப்பு அடிப்பவர். விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்ததும் தப்பு; காமன் கூத்துக்கு ஆடியதும் தப்பு; சாவுக்கு முழங்கியதும் தப்பே. அதனாலேயே அதனைத் தாழ்வாக எண்ணியோரும் உண்டு. அம்மாணவர் பெரட்டுத் தப்பின் அடியைப் பதிவுசெய்து, கணினியில் அதன் வேகத்தை மிகக் குறைத்து, அடிகளுக்கிடையே நீண்ட மௌனங்களை வைத்தார். உடன் ஓர் ஓவியம்: வரிசை வரிசையாகச் சிறு பெட்டிகள், அவற்றுள் ஒன்று மட்டும் சற்றே சாய்ந்திருந்தது. லயன் அறைகள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவ்விசையைக் கேட்ட சிங்கள ஆசிரிய நண்பர் ஒருவர், இளமையில் கண்டி மேளம் பயின்றவர், விரலால் தாளம் எண்ணிக்கொண்டே இருந்து, முடிந்தபின் “அந்த இடைவெளியில் யாரோ வராமற்போனதுபோல் இருக்கிறது” என்றார். மொழியின் பெயரால் நெடுங்காலம் பிரிந்து நின்ற நாட்டில், மொழிபெயர்ப்பாளர் இன்றி ஒரு துயரம் ஒருவரிடமிருந்து மற்றவரைச் சென்றடைந்தது. சொல்லில் வந்திருந்தால் அது ஒரு முறைப்பாடாகக் கேட்டு ஒதுக்கப்பட்டிருக்கவும் கூடும்.

இதனால் கணினியில் எழும் ஓசையெல்லாம் கலையாகிவிடாது. ஆயத்தமாகக் கிடைக்கும் தாளத் துண்டுகளை ஒட்டவைப்பதும், பொத்தானை அழுத்தி நிறங்களைக் கொட்டுவதும் எளிது. என்ன சேர்த்தாய் என்பதோடு எதனைத் தள்ளினாய், ஏன் தள்ளினாய் என்றும் மாணவனைக் கேட்க வேண்டும். அதற்கு விடை சொல்ல வல்லவன் தன்னைச் சொல்லக் கற்றுக்கொண்டவன். ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: மாணவன் ஒருவன் சொல்லற்ற இசையோ உருவற்ற ஓவியமோ கொண்டுவந்தால், பொருள் கேட்குமுன் ஒருமுறை முழுமையாகக் கேளுங்கள், ஒருமுறை நின்று பாருங்கள். தலதா மாளிகை முழவுக்கு நாம் அளிக்கும் அந்தச் செவியை நம் பிள்ளைகளுக்கும் அளிப்போமாக.