ஒரு பெயர், பல நோய்

‘மா’ என்னும் சொல் மரத்தையும் குறிக்கும்; விலங்கையும் குறிக்கும். இடம் நோக்கியே அதற்குப் பொருள் கொள்ளுதல் வேண்டும். இத்தகைய சொல்லை இலக்கண நூலார் பலபொருள் ஒருசொல் என்பர். மார்பகப் புற்றுநோய் என்னும் பெயரும் அத்தகையதே. அப்பெயரின்கீழ் அடங்கும் நோய்கள் பல. இன்ன வகை என்று அறிந்த பின்னரே ஏற்ற மருந்தைத் துணிதல் இயலும்.

நம் உடலில் உள்ள உயிரணுக்கள் வேண்டும் அளவிற் பெருகி அடங்கும் இயல்பின. அவ்வடக்கம் இழந்த அணுக்கள் மிகப் பெருகிப் பிற உறுப்புகளிலும் பரவுதலே புற்றுநோயாகும்.

ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். அவர் மார்பகப் புற்று முற்றிய பெண் ஒருத்தியின் சூலகங்களை அகற்றினார். மார்பில் இருந்த கட்டி சுருங்கிற்று. இதனை அவர் 1896-ஆம் ஆண்டில் வெளியிட்டார். காரணம் பின்னாளிலேயே விளங்கிற்று. சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், சிலவகைப் புற்றணுக்களை வளரத் தூண்டும். அதனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் அவ்வணுக்களில் உள்ளன. பெரும்பாலோர்க்கு வருவது இவ்வகையே. டமாக்சிஃபென் முதலிய மாத்திரைகள் அத்தூண்டுதலைத் தடுக்கும். அவற்றை ஐந்தாண்டும் அதற்கு மேலும் உட்கொள்வர்.

மற்றொரு வகையில் ஹெர்-2 என்னும் புரதம் அணுவின் மேற்புறத்தே அளவின்றி மிகுந்து, அதனை விரைந்து பெருகச் செய்யும். முன்னாளில் இது பெரிதும் அஞ்சப்பட்டது. 1998-இல் அமெரிக்க நாட்டில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து அப்புரதத்தையே பற்றித் தடுப்பது. அதனால் உயிர் பிழைத்தோர் பலர். இவ்விருவகைத் தன்மையும் ஒருங்கே உடைய கட்டிகளும் உள.

மூன்றாம் வகையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 மிகுதி ஆகிய மூன்றும் இல்லை. ஆதலின் மேற்கூறிய மருந்துகள் இதற்குப் பயன்படா. புற்றணுக்களை அழிக்கும் வேதிமருந்துகளே இதற்குப் பெரிதும் துணையாவன. இக்காலத்தே சிலர்க்கு உடலின் எதிர்ப்பாற்றலை எழுப்பும் மருந்தும் உடன் அளிக்கப்படுகிறது. அறுவையும் கதிர்வீச்சும் நோயின் நிலைக்கேற்ப எல்லா வகைக்கும் உதவும்.

வகையை அறிவது எங்ஙனம்? கட்டியினின்று சிறு பகுதியை எடுத்துச் சாயமேற்றி, நுண்ணோக்கியால் ஆராய்ந்து அறிவர். ஆதலின், ஒருவர்க்கு நலம் தந்த மருந்தே மற்றொருவர்க்கும் ஆகும் என்று கருதுதல் பிழை.

மாணவர்களே! கட்டி யாவும் புற்று அல்ல; புற்று யாவும் ஒன்றல்ல. மார்பில் கட்டி தோன்றின் நாணத்தால் மறைத்தல் ஆகாது. உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். தொடக்கத்தில் கண்ட நோய் பெரும்பாலும் தீர்க்கத்தக்கது. இதனை உங்கள் அன்னையர்க்கும் எடுத்துரையுங்கள்.