சித்திரை வெயிலிலும் சுவர் ஏன் ஈரமாக இருக்கிறது?

அருப்புக்கோட்டையில் ஒருவர் "வீட்டுச் சுவரில் பூசணம் பிடித்திருக்கிறது" என்றால் கேட்பவருக்குச் சிரிப்புதான் வரும். குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் குறித்துவைக்கிற ஊரில் சுவருக்கு மட்டும் எங்கிருந்து தண்ணீர் கிடைத்தது? கேலியாகக் கேட்டாலும் சரியான கேள்வி அதுதான். காசு வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டைச் சோதிக்க வருகிறவர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதும் அதைத்தான்.

பூசணம் எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை. அதன் வித்துத்தூள் காற்றில் எப்போதும் மிதக்கிறது. இதைப் படிக்கும் அறையிலும் இருக்கிறது. மரம், காகிதம், பசை, பெயிண்ட், சுவரில் படிந்த தூசி எல்லாமே அதற்குத் தீனி. இவற்றை நாம் தடுக்க முடியாது. ஈரம் ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது. பிடித்திருக்கிறது என்றால், அங்கே தண்ணீர் தங்கியிருக்கிறது.

மழைத் தண்ணீராக இருக்குமோ? இருக்கலாம், ஆனால் இந்தப் பக்கத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு தையிலிருந்து வெயில்தான், நடுவில் ஒன்றிரண்டு கோடை மழை. பழைய வீட்டைச் சோதிக்க இது பெரிய வசதி. சென்னையில் வருஷம் முழுக்கக் கடற்காற்றின் ஈரம் இருப்பதால் எது மழை, எது குழாய் என்று பிரிப்பது கஷ்டம். இங்கே சித்திரையில் சுவர் ஈரமாக இருந்தால் அது மழை இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். தண்ணீர் உங்கள் வீட்டுக்குள்ளிருந்தோ, பக்கத்து வீட்டிலிருந்தோ, தெருச் சாக்கடையிலிருந்தோ வருகிறது.

அப்படி எந்தத் தண்ணீர்? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தண்ணீர்ப் பஞ்சம்தான் சுவரை நனைக்கிறது. வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாயில் வருகிற தண்ணீரை வருகிற அன்றே பிடித்துவைத்தாக வேண்டும். அதனால் முற்றத்தில் தரைத்தொட்டி, மாடியில் ஒரு தொட்டி, அடுக்களையில் டிரம், புழக்கடையில் அண்டா என்று வீடே ஒரு குளம்போல ஆகிவிடுகிறது. பழைய வீட்டில் இடம் குறைவு. ஆகவே தரைத்தொட்டியைச் சுவரை ஒட்டியே தோண்டியிருப்பார்கள். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அந்த இழுபறியில் தொட்டியின் சிமெண்டுப் பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும்.

தொட்டி கசிகிறதா என்று பார்க்க ஆளைக் கூப்பிட வேண்டாம். தண்ணீர் வந்த நாளில் தொட்டியை நிரப்பி, மட்டத்தில் ஒரு கோடு போட்டு, மூடிவிட்டு, 24 மணி நேரம் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய தொட்டியில் ஆவியாகப் போவது மிகக் கொஞ்சம். மறுநாள் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான்.

நெசவாளர் வீடுகளுக்குத் தனிக் கதை. பருத்தி நூல் காய்ந்தால் அறும்; அதனால் தறி போட்ட அறையில் கொஞ்சம் ஈரம் இருப்பதை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். குழித்தறி இருந்த வீடுகளில் தரைக்குக் கீழே குழி வேறு. பாவுக்குப் போடும் கஞ்சி பூசணத்துக்கு விருந்து. தறியை எடுத்துவிட்டு, குழியை மண் கொட்டி மூடி, மேலே டைல்ஸ் போட்டுப் படுக்கையறை ஆக்கிய வீடு உங்களுடையது என்றால், சோதிக்க வருகிறவரிடம் குழி இருந்த இடத்தைக் காட்டுங்கள். அவராகக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று தெரு. சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டதில் பழைய தெருக்களில் வீட்டுத் தரை தாழ்ந்துபோயிருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலர் உத்தரவிட்டார். அதற்கு முன்னால் ஏறிய உயரம் ஏறியதுதான். திண்ணைக்கு ஏற முன்பு மூன்று படி இருந்து இப்போது ஒன்றுதான் தெரிகிறது என்றால், உங்கள் வாசல் சுவர் மண்ணுக்குள் நிற்கிறது என்று பொருள்.

சரி, சுவரில் இருப்பது பூசணம்தானா? இந்தக் கேள்விக்குச் சற்று நேரம் கொடுங்கள். நம் பக்கத்தில் பூசணம் என்று சொல்லப்படுவதில் நிறைய, உப்பு. இங்கே நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. அந்த நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே ஏறும். இதைத்தான் ஓதம் ஏறுவது என்கிறோம். பெரும்பாலும் மூன்று நான்கு அடி உயரம் வரை ஏறி, அங்கே நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் சுவரில் பூக்கிறது. பூக்கும்போது பூச்சைத் தள்ளுகிறது. காரை பொரிந்து கொட்டுகிறது.

பிரித்துப் பார்ப்பது எளிது. வெள்ளையாக இருப்பதை விரலால் நசுக்குங்கள். நறநறவென்று இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்துபோனால் உப்பு. மெத்தென்று இழுபட்டு, தண்ணீரில் கரையாமல், புழுங்கல் வாடை அடித்தால் பூசணம். கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி புள்ளியாக இருந்தால் தண்ணீர் கலந்த பிளீச்சை ஒரு சொட்டு வையுங்கள். சில நிமிடத்தில் வெளுத்தால் அது பூசணம், வெளுக்காவிட்டால் வெறும் அழுக்கு அல்லது அடுப்புக்கரி.

உப்பாக இருந்தால் என்ன, பூசணமாக இருந்தால் என்ன, சுவர் கெட்டதுதானே என்கிறீர்களா? செலவு வேறு. உப்புச் சுவருக்குப் பூசணக்கொல்லி பெயிண்ட் அடித்தால் அடுத்த ஆனிக்குள் பெயிண்ட்டையும் தள்ளிக்கொண்டு உப்பு வெளியே வரும். போட்ட பணம் குப்பையோடு போகும்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்பதையும் நீங்களே பார்க்கலாம். ஒரு முழம் அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். எடுக்கும்போது சுவர்ப்பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தால் சுவர்தான் கசிகிறது. அறைப்பக்கம் இருந்தால் சமையல் ஆவி, ஈரத்துணி, ஜன்னலை அடைத்துப் போட்ட ஏசி இவற்றில் ஒன்று. இரண்டாவது வகைக்குக் கொத்தனாரே வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் நம் ஊர்க் காற்று பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் காரணம் பிடிபடவில்லை என்றால் ஆளைக் கூப்பிடலாம். யாரை? நம் நாட்டில் பூசணச் சோதனைக்கென்று அரசு உரிமம் பெற்ற தொழில் கிடையாது. பழைய கட்டடங்களில் வேலை பார்த்த கட்டடப் பொறியாளர் ஒருவரும், சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கொத்தனார் ஒருவரும் சேர்ந்து பார்த்தால் அதைவிட நல்ல சோதனை இல்லை. மதுரையிலிருந்து கருவிகளோடு வருகிறவர்களையும் அழைக்கலாம். பெயிண்ட் கடைக்காரர் "இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்" என்பார். அவர் என்ன சொல்வார் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்: பெயிண்ட் வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ், நியூயார்க் மாநிலங்களில், ஒரே வீட்டில் பூசணத்தைச் சோதிப்பவரே அதை அகற்றும் வேலையையும் எடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கே சட்டம் இல்லை. நீங்களே அப்படி வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்குப் பார்த்த கூலியைக் கொடுத்து, வேலையை வேறொருவரிடம் விடுங்கள்.

வருகிறவர் கையில் ஈரமானி (சுவரின் ஈரத்தைக் காட்டும் சிறு கருவி) இருக்கும். இரண்டு ஊசிகளைச் சுவரில் குத்துவார், எண் வரும், சிவப்பு விளக்கு எரியும். உடனே பயப்படாதீர்கள். அந்தக் கருவி ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று அளக்கிறது. மரத்துக்கு என்று கணக்குப் பண்ணிய கருவி அது. உப்பும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே உவர் ஏறிய சுவரில், உள்ளே அவ்வளவு ஈரம் இல்லாவிட்டாலும் எண் எகிறும். கரிசல் காட்டில் ஊசிமானியை மட்டும் நம்பி ஒரு சுவரையே இடிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுவரைத் துளைத்து உள்ளிருந்து தூள் எடுத்து, எடை போட்டு, அடுப்பில் காயவைத்து மறுபடி எடை போடச் சொல்லுங்கள். குறைந்த எடைதான் நிஜமான ஈரம்.

வெப்பக் கேமராவும் (சூட்டையும் குளிர்ச்சியையும் நிறமாகக் காட்டும் கேமரா) கொண்டுவருவார்கள். அது ஈரத்தைப் பார்ப்பதில்லை. ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்திருக்கும்; அந்தக் குளிர்ச்சியைக் காட்டும். நிழல் விழுந்த இடமும் குளிர்ந்துதான் இருக்கும். படத்தை நம்பும் முன் கையால் தொட்டுப் பாருங்கள்.

காற்றைப் பிடித்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி எத்தனை வித்து, என்ன வகை என்று அறிக்கை தருவதாகச் சொன்னால்? பூசணம் கண்ணுக்குத் தெரிகிற வீட்டில் அந்தச் செலவு பெரும்பாலும் வீண். உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில்கூட இத்தனை வித்துக்கு மேல் ஆபத்து என்று ஓர் எண் குறிக்கப்படவில்லை. எந்த வகையாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தண்ணீரை நிறுத்து, பூசணத்தை எடு.

கறுப்பாக இருப்பது 2021-இல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சையா என்று பலர் பயப்படுகிறார்கள். இல்லை. அந்த நோய், கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்த உடம்பில் வேறு வகைப் பூஞ்சை புகுந்ததால் வந்தது. சுவரில் பிடிப்பது பெரும்பாலும் மூக்கடைப்பு, தும்மல், இருமல், ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பு இவற்றைத் தரும். குழந்தைக்கு இருமல் அந்த அறையில் மட்டும் கூடுகிறது என்றால் முதலில் படுக்கையை மாற்றுங்கள்.

பூசணத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது உத்தரத்தைப் பற்றி. தேக்கு உத்தரம் போட்டு, செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை இட்ட மட்டப்பா வீடுகளில் உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். மேலே மழைநீர்த் தூம்பு அடைத்து அந்த இடம் நனைந்தால் முனை உளுத்துப்போகும். வெளியே தெரியும் பகுதி பளபளவென்றே இருக்கும். சோதிக்க வருகிறவர் ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு முனையையும் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். பொதபொதவென்று இறங்கினால் அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். ஏணியே கேட்காத ஆள் பாதி வீட்டைத்தான் பார்த்திருக்கிறார்.

சுத்தம் செய்வதை நாமே செய்யலாமா? மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் என்றால் செய்யலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. என்-95 முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு, முதலில் நனைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் தேயுங்கள். காய்ந்த சுவரைத் துடைப்பத்தால் தட்டினால் வித்து வீடு முழுக்கப் பறக்கும். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. வருவது நச்சு வாயு. ஆஸ்துமா உள்ளவர், சர்க்கரை கட்டுப்படாதவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர் இந்த வேலைக்கு நிற்க வேண்டாம்.

அதற்குப் பிறகு பூச்சு. சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்டைப் பூசி, அதற்கும் மேல் இடுப்பளவு டைல்ஸ் ஒட்டினால் சுவர் மூச்சுவிட முடியாது. மூன்றடியில் நின்ற ஓதம் டைல்ஸைத் தாண்டி ஐந்தடிக்கு ஏறும். கெட்ட பூச்சை, கறை தெரியும் உயரத்துக்கு ஓர் அடி மேல்வரை கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பே பூசச் சொல்லுங்கள். கூலி கூடும், ஆளும் சுலபத்தில் கிடைக்க மாட்டார். சிமெண்டு மலிவு என்று பூசியவர்கள் நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை பூசிக்கொண்டே இருக்கிறார்கள்.

வாடகை வீடாக இருந்தால் செலவு யாருடையது? தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. இங்கிலாந்தில் 2025 அக்டோபர் முதல், சமூக வீட்டுவசதி வீடுகளில் கடுமையான ஈரம், பூசணம் என்று புகார் வந்தால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்த்தாக வேண்டும். நம் சட்டத்தில் அப்படி நாள் கணக்கு இல்லாததால் தேதி தெரியும்படி படம் எடுத்து, எழுத்தில் கேட்பது நல்லது.

எப்போது சோதிப்பது? இரண்டு முறை. கார்த்திகை மழை நின்ற வாரத்தில் ஒரு தரம், சித்திரையில் ஒரு தரம். மழையில் மட்டும் நனைந்து தைக்குள் காய்வது கூரைக் குற்றம் அல்லது சுவர் விரிசல். இரண்டு காலத்திலும் ஒரே அளவில் நிற்பது தொட்டி, குழாய், சாக்கடை. ஒன்றரை அடிச் சுவர் குடித்த தண்ணீர் வெளியேற மாதக்கணக்கில் ஆகும் என்பதால் ஒரே நாளில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பழைய வீட்டை விலைக்கு வாங்கப் போகிறவர்கள் கோடையில் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஐப்பசியில் முழிப்பது இதனால்தான். புதிதாக வெள்ளையடித்த வீடு என்றால் அலமாரிக்குப் பின்னால் பாருங்கள். அங்கே யாரும் அடிப்பதில்லை.

அதுவரை ஈரம் எங்கே முடிகிறதோ அந்த விளிம்பில் சுவரிலேயே கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். பென்சிலால் போடுங்கள்; பேனா மை ஓதத்தில் ஊறிப் பரவிவிடும்.