துவக்கும் அச்சமும்

கண்டியிலிருந்து பேராதனை வழியாகக் கலஹாவுக்கு வரும் பாதை பல்கலைக்கழகத்தின் நடுவே புகுந்து, பின்னர்த் தேயிலைச் சரிவுகளில் ஏறுகின்றது. அப்பாதையில் எத்தனையோ முறை சென்றிருக்கிறேன். எனினும் அதன் இரு முனைகளையும் என் உள்ளத்தில் இணைத்து வைத்தவர்கள் இளைஞர் சிலரே.

விடுமுறையில் ஊர் வந்திருந்த பல்கலைக்கழக மாணவர்கள் அண்மையில் ஒரு மாலை விவரணப் படமொன்றைக் காட்டி, அதுபற்றிக் கலந்துரையாட எங்களை அழைத்தனர். மைக்கேல் மூர் 2002இல் வெளியிட்ட ‘பௌலிங் ஃபொர் கொலம்பைன்’ என்பது அப்படம். 1999 ஏப்ரல் 20ஆம் நாள் அமெரிக்காவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் இருவர் சுட்டதில், அன்று 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் மாண்டனர். துப்பாக்கிகள் மலிந்த அயல் நாடாகிய கனடாவில் கொலைகள் ஏன் குறைவு என்று படம் வினவுகின்றது. மக்கள் நெஞ்சில் வளர்க்கப்படும் அச்சமே துப்பாக்கியைத் தேடி ஓடச் செய்கிறது என்பது அது காட்டும் விடைகளுள் ஒன்று.

விளக்கேற்றியதும் நண்பர் ஒருவர், “இது அமெரிக்காவின் நோய், நமக்கென்ன?” என்றார். நானும் தலையசைத்தேன்.

பின்வரிசையிலிருந்த முதியவர் எழுந்தார். “காட்டோரத்தில் பன்றிக்குக் கட்டுற கட்டுத்துவக்கு, வாறது பன்றியா மனுசனா என்று பார்த்தா வெடிக்குது?” என்று கேட்டார். சபை மௌனமாயிற்று. பின்னர், ஒருகாலத்தில் என்னிடம் கற்ற மாணவி மெல்லக் கேட்டாள்: “சேர், முல்லோயா கோவிந்தனைப் பற்றி நீங்கள் எங்களுக்குச் சொன்னதே இல்லையே?”

நான் நாணினேன். சரித்திர ஆசிரியன் நான். பிரெஞ்சுப் புரட்சியின் நாள்களை நெட்டுருச் செய்வித்தவன். எங்கள் மலைகளை அடுத்த ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில், 1940 சனவரி 10ஆம் நாள், வேலைநிறுத்தக் காலத்தில், கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானதை வகுப்பில் உரைத்தவன் அல்லன். தோட்டங்களில் தொழிற்சங்கம் வேரூன்றத் தொடங்கிய காலம் அது. கூலியாள் தலைநிமிர்வதைக் கண்ட அதிகாரத்தின் அச்சமும் அக்குண்டில் இருந்தது என்பது என் துணிபு.

ஆயினும் அந்நிகழ்ச்சி மண்ணோடு மண்ணாகவில்லை. விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். வேலைநிறுத்தக்காரர் மீதான வழக்குகளை ஒத்திவைப்பது பற்றி உள்நாட்டு அமைச்சருக்கும் பொலிஸ் மாஅதிபருக்கும் பிணக்கு மூண்டது. ஆளுநர் கால்டெகொட் பின்னவர் பக்கம் நிற்கவே, அமைச்சர்கள் பதவி துறந்தனர். பெயரற்றவராக எண்ணப்பட்ட ஒரு தொழிலாளியின் மரணம் ஆட்சியையே அசைத்தது!

அத்துடன் முடிந்ததா? 1976 நவம்பர் 12ஆம் நாள் பேராதனை வளாகத்திலேயே வீரசூரிய என்னும் மாணவன் பொலிஸ் குண்டுக்குப் பலியானான். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் வீழ்ந்தார். பல்கலைக்கழகமும் தோட்டமும் ஒரே பாதையின் இரு முனைகள் என்பதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

சட்டத்தால் பயனுண்டு. டன்பிளேன் பள்ளியில் 1996இல் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டபின், பிரித்தானியா கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. அவ்வாண்டே போர்ட் ஆர்தரில் 35 பேர் மாண்டபின், அவுஸ்திரேலியா ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கி அழித்தது. நம் நாட்டிலும் 1916ஆம் ஆண்டின் சுடுகலக் கட்டளைச் சட்டம் உண்டு. காட்டோரக் கட்டுத்துவக்கை அகற்ற அதைச் செயற்படுத்துவோர் வேண்டும். ஆனால் அரசின் கையிலுள்ள துவக்கைத் தடுப்பது வேறு. சுட்டவர் யார், சுடச் சொன்னவர் யார், ஏன் என்று வெளிப்படையாகக் கேட்கும் விசாரணையும், அக்கேள்வியை மறவாத மக்களுமே அதற்கு அரண்.

மறவாமை ஆசிரியன் கையில் இருக்கிறது. அடுத்த தவணையின் முதல் நாளன்று, கரும்பலகையில் ‘1940 சனவரி 10’ என்று எழுதப் போகிறேன். அம்மாணவிக்கு நான் தீர்க்க வேண்டிய கடன் அது.