சொல்லித்தரும்போது கை ஏன் நடுங்குகிறது?

வருடக்கணக்காகக் குரோஷே பின்னிய கைகூட, புதியவர்களுக்குச் சொல்லித்தர உட்கார்ந்ததும் நடுங்கும். திறமை எங்கும் போய்விடவில்லை. எல்லாருடைய கையும் நொடிக்கு 8 முதல் 12 முறை, கண்ணுக்குத் தெரியாமல் எப்போதும் அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பலர் பார்க்கிறார்கள் என்றதும் சுரக்கும் அட்ரினலின், தசைகளைத் தூண்டி அந்த அதிர்வைப் பெரிதாக்குகிறது. கை தானாகச் செய்துவந்த வேலையை மனமும் கண்காணிக்கத் தொடங்க, எளிய சங்கிலிப் பின்னல்கூடத் தடுமாறும்.

மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். அப்போது வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கும். பதற்றத்தை அடக்குவதைவிட, ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொள்வது மேடைப்பேச்சுக்கு உதவுவதை உளவியலாளர் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் காட்டினார். எனக்குப் பிடித்த வழி இதுதான்: முழங்கையை மேசையில் ஊன்றி, 5 மி.மீ. ஊசியும் தடித்த வெளிர்நிற நூலும் எடுங்கள். கற்பவர்களுக்கும் கண்ணி தெளிவாகத் தெரியும். வகுப்புக்கு முன் காபி வேண்டாம், காஃபீன் நடுக்கத்தைக் கூட்டும்.